அக்கா குறை சொல்லாத நாள்

"இது மோசமான கேம்லா, புள்ள" என்று சொல்லித்தான் வீடியோ கடை அக்கா அந்தக் கேசட்டை முதன்முதலாக என் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு, "ஆனா இந்தக் கடையில இதவிட நல்ல கேம் கிடையாது" என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில், கொஞ்சமும் குரல் மாறாமல் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், மாடிப்படியை ஒட்டினாற்போல் அவருடைய வீடியோ கடை இருந்தது. ஒரு சுவர் முழுக்கத் தமிழ்ப்பட டேப்புகள், எதிர்ச் சுவரில் டிவி கேம் கேசட்டுகள். மேசைமேல் ஒரு பழைய டிவியும் கேம் பெட்டியும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். காலை ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக அந்தக் கடைக்குத்தான் போவேன். மேலே வீட்டுக்குப் போனால் அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பார். அதற்கு, அக்கா கொடுத்த அந்தப் பூனை கேம் எவ்வளவோ மேல்.

அதன் உண்மையான பெயர் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒருவருக்கும் தெரியாது. அட்டையில் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து. அதில் ஒரு பூனை வரும். நான்கு சுவருக்குள் கலர் கலராக ஜாடிகள் கிடக்கும், பூனை அவற்றைத் தள்ள வேண்டும். ஒரே நிற ஜாடிகள் இரண்டு தொட்டுக்கொண்டால் இரண்டும் மறைந்துவிடும். எல்லா ஜாடியும் மறைந்தால் கதவு திறந்து பூனை அடுத்த அறைக்குப் போகும். கதை அவ்வளவுதான்.

யாராவது அதை வாடகைக்குக் கேட்டால் அக்கா கேசட்டை எடுத்து, படம் ஒட்டிய பக்கத்தை அவர்களுக்குக் காட்டியபடி நல்லதைச் சொல்வார்.

"இதுல கடியாரம் கிடையாது. மத்த கேம் மாதிரி தலைக்கு மேலேருந்து ஒண்ணும் விழாது, ஒருத்தனும் சுட வரமாட்டான். நீங்க போய் அடுப்புல குழம்பக் கிண்டிட்டு வரலாம், அதுவரைக்கும் பூனை உக்காந்து மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு இருக்கும். ரூம்பு மொத்தமும் கண்ணு முன்னால தெரியும். எதையும் ஒளிச்சு வச்சு ஏமாத்தாது."

வந்தவர் பையைத் திறப்பார். அக்கா உடனே கேசட்டைத் திருப்பி, படமில்லாத சாம்பல் நிறப் பக்கத்தைக் காட்டுவார்.

"இருங்க, குறைய கேட்டுக்குங்க. பூனை தள்ளும், இழுக்காது. சுவத்தோரம் ஒரு ஜாடி போய் ஒட்டிக்கிச்சின்னா அவ்வளவுதான், மொதல்லேருந்து ஆடணும். தப்புப் பண்ணது அப்பவே தெரியாது. கடைசி ஜாடிக்கு வந்தாத்தான் தெரியும். பழைய டிவியில செவப்பும் ஆரஞ்சும் ஒண்ணாட்டமே இருக்கும். ஒரே பாட்டு, மண்டைக்குள்ள பூந்துகிட்டு வெளிய போவாது. சுவிட்ச அடைச்சா ஆடினதெல்லாம் போச்சு."

கடைசியில் கேசட்டை ஓரமாக, செங்குத்தாக நிறுத்திப் பிடிப்பார். "இன்னொண்ணு. இதுல அதிர்ஷ்டம் கிடையாது. தோத்தா நம்ம தப்புதான், யாரையும் திட்ட முடியாது. இத நல்லதுல சேக்குறதா குறையில சேக்குறதான்னு எனக்கே இன்னும் தெரியல."

சீனக் கிழவர் வந்தால் இதே பாடம் ஹொக்கியனில் நடக்கும். மலாய் டீச்சர் வந்தால் மலாயில். பாதிப் பேர் குறையைக் கேட்டதும் வேறு கேசட்டைக் காட்டச் சொல்வார்கள். அக்காவுக்கு அதில் வருத்தமே கிடையாது. ஒரு நாள் நான், "ஏன்க்கா வர்ற ஆளையெல்லாம் நீங்களே வெரட்டி விடுறீங்க?" என்று கேட்டேன்.

"குறையக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போறவங்க திரும்பி வந்து சண்ட போடுறதில்ல புள்ள" என்றார். "நல்லத மட்டும் கேட்டுட்டுப் போறவங்கதான் கேசட்ட மேசையில வீசிட்டுப் போறாங்க."

அது உண்மை. பூனை கேமைக் குறையோடு எடுத்துப் போனவர்கள் அதை விடவே மாட்டார்கள். எங்களுக்கு எதிர் வீட்டிலிருந்த தையற்கார அண்ணன் வாராவாரம் அதையே எடுத்துப் போவார்.

கேசட்டோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. பசாரில் மீன் வாங்கினால் மீன்காரரிடமே, "வெல பரவால்ல, கண்ணுதான் நேத்தைய கண்ணு" என்பார். கோயில் அன்னதானத்தில் சாம்பாரைப் பாராட்டிவிட்டு, பாயசத்தில் அடிப்பிடித்த வாடை என்று தலைவர் காதுபடச் சொன்னார். தலைவர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அக்கா தன் புருஷனைக்கூட விடவில்லை. அவர் பஸ் ஓட்டுநர், சாது. "எங்க வீட்டுக்காரர் சொட்டுக்கூடக் குடிக்கமாட்டாரு, அது நல்லது. குடிக்காமலே உளறுவாரு, அது குறை" என்று அவர் பக்கத்தில் நிற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்வார். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

மூன்றாம் மாடிக் குடும்பம் ஒன்று புது சோபா வாங்கியபோது, கடை வழியாகத் தூக்கிப் போகப் பயந்து பின்பக்கப் படியில் ஏற்றியது. சோபா திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்து ஒரு கை கொடுத்தது அக்காதான். தூக்கி மேலே சேர்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "துணி நல்ல துணி. காலுதான் ஆடுது" என்றார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. என் குறைகளையும் அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். நான் ஆடும்போது ஒரு ஜாடி சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டால் பெட்டியை அறைவேன். "பெட்டி என்ன பண்ணுச்சி? நீதான தள்ளுன" என்பார். எப்படித் தள்ளியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தரமாட்டார். கெஞ்சினாலும் மாட்டார். "நான் சொல்லிட்டா அப்புறம் அது உன் கேம் இல்ல" என்று சொல்லிவிட்டு டேப்புகளைத் துடைக்கப் போய்விடுவார். கோபம் கோபமாக வரும். மறுநாள் மறுபடியும் போய் அதே நாற்காலியில் உட்காருவேன்.

இந்த அக்காவின் வாய்க்கு எல்லாரையும்விட என் அம்மாதான் உள்ளூரப் பயந்தார். காரணம் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சம்மதம் சொல்வதற்கு முன், சத்தமில்லாமல் யாராவது ஒருவரை அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். எங்கள் புளோக்கில் விசாரிக்க வருகிறவர் முதலில் பார்ப்பது மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கடையைத்தான். முன்பு ஒரு சம்பந்தம் அப்படி வந்து, விசாரித்த கையோடு நின்றுபோனது. அக்கா என்ன சொன்னாரோ தெரியாது. அந்த வாய்தான் காரணம் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

பிறகுதான் கடலுக்கு அக்கரையிலிருந்து பட்டர்வொர்த் மாப்பிள்ளை வந்தார். பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் சமையலையும் சம்பளத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கோப்பிக் கோப்பையைத் தானே எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. வயது ஏறிக்கொண்டிருந்தது, அதற்காக இல்லை. இதுவும் கைவிட்டுப் போனால் தாங்கமாட்டேன் என்று அன்றைக்கே தெரிந்தது.

அவர்கள் போன மறுநாள் அம்மா கீழே இறங்கிப்போய் அக்காவிடம் அழுதார். இது எனக்குப் பிறகு அக்காவே சொல்லித் தெரிந்தது.

"தங்கச்சி, உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். இந்த ஒரு தடவ நல்லத மட்டும் சொல்லு. குறை ஒண்ணும் சொல்லிடாத" என்றாராம் அம்மா.

"அக்கா, நல்லத மட்டும் சொன்னா யாரு நம்புவா?" என்று திருப்பிக் கேட்டாராம் கடை அக்கா.

"நீ சொன்னா நம்புவாங்க. நீ யாரையும் சும்மா புகழ மாட்டேன்னு ஊருக்கே தெரியும்ல."

அம்மாவின் கணக்கில் பிழை இருப்பதாக அக்காவுக்கும் அப்போது தோன்றவில்லை. அழுகிற மனுஷிக்கு எதிரில் அவர் வாய் அடங்கிவிட்டது. சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

விசாரிக்க வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. கடைக்குள் நுழைந்து, டேப்பு பார்ப்பதுபோல் சுவரோரம் நின்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் பூனை கேம் கேட்டு வந்திருக்கிறார். அக்கா வழக்கம்போல் கேசட்டின் முன்பக்கத்தைக் காட்டி நல்லதைச் சொல்லி, பின்பக்கத்தைக் காட்டிக் குறையைச் சொல்லி, ஓரமாக நிறுத்திப் பிடித்து அந்தக் கடைசிச் சந்தேகத்தையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அத்தை முழுதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்கு வந்து, மேல் வீட்டுப் பெண் எப்படி என்று கேட்டார்.

"தங்கமான புள்ள" என்றார் அக்கா. "நல்ல வேலை. நல்ல குணம். பெரியவங்களுக்கு மரியாதை. ஒரு குறையும் சொல்ல முடியாது."

அத்தை, குறையும் வரும் என்று காத்திருந்தாராம். அக்கா டிவியைப் பார்த்தாராம்.

அந்த வாரக் கடைசியில் கல்யாணத் தரகர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "அவங்களுக்கு வேணாம்னு தோணுதாம்மா" என்றார். அம்மா விடாமல் பிடித்துக் கேட்டபோது கக்கினார். "வாடகைக்குக் குடுக்குற பூனை கேமுக்கே அத்தன குறை சொல்ற பொம்பள, உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் சொல்லலையாம். வாயால சொல்ல முடியாத அளவுக்குப் பெருசா ஏதோ இருக்குதுன்னு அந்த அத்தை போய்ச் சொல்லியிருக்கு. அலாமாக், நான் என்ன பண்ண?"

நான் படியில் இறங்கியது நினைவில்லை. அம்மா வந்து அழுததிலிருந்து நடந்ததையெல்லாம் அக்கா சொல்லக் கேட்டு, கடைக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. நல்லது சொல்லச் சொன்னது அம்மா, சொன்னது அக்கா, இரண்டு பேரும் சேர்ந்து என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். டேப்பு எடுக்க வந்த இருவர் அப்படியே பின்வாங்கி வெளியே போய்விட்டார்கள்.

அக்கா தடுக்கவில்லை. நான் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார். "பொய் ஒண்ணும் சொல்லல புள்ள. சொன்னதெல்லாம் நெசம். பாதிதான் சொன்னேன்."

அவர் கண் கலங்கியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போதும் என் கோபம் போகவில்லை. மேலே ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது கடை சாத்தியிருந்தது. தீபாவளியன்றுகூடப் பாதி நாள் திறந்திருக்கும் கடை அது. உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று பயந்தேன். நான் கத்தியதால்தானோ என்றும் தோன்றியது. வீட்டில் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு சாப்பிட்டோம். சாயங்காலம் யாரோ மூச்சு வாங்கியபடி படியேறும் சத்தம் கேட்டது. சோபா தூக்கிய நாளிலிருந்து முட்டி வலி என்று மாடிப் பக்கமே வராத அக்கா, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"பட்டர்வொர்த்துக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லி நாற்காலியில் விழுந்தார். "மொதல்ல தண்ணி குடு."

அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலோடு நின்றுகொண்டார். அக்கா குடித்து முடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பஸ் பிடித்துப் படகுத்துறைக்குப் போய், ஃபெரி ஏறி, தரகரிடம் வாங்கிய விலாசத்தைக் காட்டிக் காட்டி விசாரித்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். போனதும், அத்தையையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

"எல்லாரும் வந்து உக்காந்தாங்க. நான் சொன்னேன், அன்னைக்கு இந்த அம்மா வந்தப்போ நான் நல்லத மட்டும்தான் சொன்னேன், இப்ப மிச்சத்தச் சொல்ல வந்திருக்கேன்னு. ஃபெரியில போறப்பவே ஒண்ணொண்ணா மனசுல அடுக்கி வச்சிக்கிட்டேன்ல."

"என்னக்கா சொன்னீங்க?" என்றேன்.

"கோவம் வரும்னு சொன்னேன். வந்தா பெட்டிய அறையும், ஆள அறையாதுன்னு சொன்னேன். தோத்தா ஒத்துக்காது, இன்னொரு தடவைன்னு நிக்கும், வேல கெடந்தாலும் நகராது. சோறு வடிச்சா பாதி நாளு கொழஞ்சிடும். வருத்தம் வந்தா வாய் விட்டுச் சொல்லாது, நாமதான் தோண்டிக் கேக்கணும். அப்புறம்…" என்று நிறுத்தி, சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "வயசு ரெண்டு கம்மி பண்ணிச் சொல்லியிருக்காங்கன்னும் சொல்லிட்டேன்."

சமையலறை வாசலில் அம்மா, "ஐயோ, முருகா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்கக்கா. அந்த அத்தை சிரிக்குது. நாங்களும் பையனுக்கு ஒண்ணு கம்மி பண்ணித்தான் சொன்னோம்னு சொல்லுது. இவ்வளவுதானா, நாங்க என்னென்னமோ நெனச்சோம்னு பையனோட அம்மா நெஞ்சுல கைய வச்சிக்கிட்டாங்க. அவங்களுக்குச் சம்மதம்லா. நாள் பாக்கச் சொன்னாங்க."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமிப்படத்துப் பக்கம் நகர்ந்தார். "இருங்கக்கா, இன்னும் முடியல" என்றார் அக்கா. அம்மா நின்றார். அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அங்க சும்மா உக்காந்துட்டு வரல. அந்தப் பையன நல்லாப் பாத்துட்டு வந்திருக்கேன். நல்லதச் சொல்றேன், கேளு. வீட்டுல தங்கச்சி இருந்தும் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தது அவன்தான். உன் கோவத்த நான் சொன்னப்போ மொகம் சுளிக்கல, சிரிச்சான். கெளம்புறப்போ பஸ் வர்ற வரைக்கும் கூடவே நின்னான். இனி குறை. அம்மா பேசி முடிக்காம வாயத் தொறக்க மாட்டேங்குறான். எதுக்கும் மொதல்ல அம்மா மொகத்தத்தான் பாக்குறான். அது லேசுல போற பழக்கம் இல்ல, வருஷக்கணக்கா ஆவும், உனக்குக் கோவம் கோவமா வரும். அவங்கப்பா தலையப் பாத்தேன், இவனுக்கும் முடி நிக்காது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"இதான் பையன். உனக்கு வேணுமா, வேணாமா? அம்மாவப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு."

என்னைப் பற்றித் தரகரிடம் கேட்டார்கள், அத்தையை அனுப்பிக் கேட்டார்கள், கடையில் கேட்டார்கள். அத்தனை நாளில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். அம்மாகூடக் கேட்டிருக்கவில்லை.

"வேணும்க்கா" என்றேன்.

"குறையோடதான் கெடைக்கும்."

"தெரியும்க்கா. வேணும்."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நாள் பாருங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடை திறக்கக் கீழே இறங்கினார்.